கலிப்ஸோவின் ஏணி

பிப்ரவரி 4

என் வாயாடிக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை. திட்டிக்கொண்டேதான் இந்தக் காகிதத்தைப் பிரிப்பாய் என்று தெரியும். திட்டி முடித்துவிட்டு மேலே படி. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? என் அருமை மச்சான் அச்சகத்துக்கு ஒழுங்காகப் போகிறானா?

கப்பல் துறைமுகத்துக்குள் போகவில்லை. வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கிறது. முதலாளி கைகழுவிவிட்டார். அவர்மேல் யாரோ வழக்குப் போட்டிருக்கிறார்கள். அது முடியும்வரை கப்பல் நகரக் கூடாதாம். கோர்ட்டிலிருந்து ஒருவர் படகில் வந்து கதவில் ஒரு காகிதத்தை ஒட்டினார். நாங்கள் எல்லோரும் வரிசையாக நின்றோம். "ராத்திரி விளக்கு எரியலேன்னா வேற கப்பல் வந்து மோதிடும். விளக்குக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டார். கப்பலில் எலெக்ட்ரீஷியன் நான் ஒருத்தன்தானே? "நான்தான் சார்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கையைத் தூக்கினேன். பேரை எழுதிக்கொண்டார், பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார், கைகூடக் குலுக்கினார். உன் புருஷனுக்கு மரியாதை கூடிவிட்டது.

போனில் பேசக் கூடாதா என்று கேட்பாய். ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. இருக்கிற பாட்டரி விளக்குக்கே சரியாகப் போகிறது. போனுக்குச் சார்ஜ் ஏற்ற மிச்சமில்லை. தண்ணீர்ப் படகுக்காரர் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வருவார். அவர் கையில்தான் கடிதம்.

கப்பலின் பேர் கலிப்ஸோ என்று உனக்குச் சொன்னேனா? முகப்பில் என் உயரத்துக்கு எழுதியிருக்கிறது. அது ஒரு பாட்டு வகை என்கிறார் சமையல்காரர். ஏதோ சோப்புப் பேர் என்கிறேன் நான். பந்தயம் ஓடிக்கொண்டிருக்கிறது. நாள் முழுக்க ஊரார் பேரைச் சட்டைப் பையில் தைக்கிறவள் நீ. விசாரித்துச் சொல்.

இன்னும் கொஞ்ச நாள்தான். கவலைப்படாதே.

உன் கரண்ட்டு


பிப்ரவரி 22

என்னவருக்கு,

திட்டி முடித்துவிட்டுத்தான் படித்தேன். இடுப்பு இருக்கிறது, வலியும் இருக்கிறது. மருத்துவமனைக்காரர்கள் நர்ஸ்களின் கோட்டில் பேர் போடக் கொடுத்திருக்கிறார்கள். மிஷினை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. உங்கள் மச்சான் அச்சகத்தில் சண்டை போட்டு வேலையை விட்டுவிட்டான். என்னடா இப்படிப் பண்ணிட்டே என்றால், "என் தகுதிக்கு அது சின்ன இடம்க்கா" என்கிறான். தகுதி காலை ஒன்பது மணிக்குத்தான் போர்வையை விட்டு வெளியே வருகிறது.

பந்தயத்தில் இரண்டு பேருமே தோற்றீர்கள். நூலகத்தில் இருக்கிற கண்ணாடியம்மாவிடம் கேட்டேன். அது பொம்பளைப் பேராம்! கிரேக்கர்களின் பழங்கதையில் வருகிற ஒரு தேவதை. வானத்தையே தோளில் தாங்குகிறவனுடைய மகள். நடுக்கடலில் ஒரு தீவில் இருக்கிறாள். தேவர்களோ மனிதர்களோ யாருக்கும் அந்தப் பக்கம் போக்குவரத்து கிடையாதாம். போர் முடிந்து வீட்டுக்குத் திரும்புகிற மாலுமி ஒருத்தன், கப்பல் உடைந்து அங்கே ஒதுங்குகிறான். என்னோடேயே இருந்துவிடு, உனக்குச் சாவே வராமல் செய்கிறேன் என்கிறாள். அவனுக்கு வீட்டில் பெண்டாட்டி இருக்கிறாள். ஆனாலும் தேவதை விடவில்லை. எத்தனை வருஷம் தெரியுமா? ஏழு!

சக்களத்தி வீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் எனக்குக் கடிதம் எழுதுகிறீர்களா? அவளிடம் சொல்லிவையுங்கள், எனக்கு ஏழு வருஷம் பொறுமை கிடையாது.

பேருக்கு அர்த்தம் 'மறைப்பவள்' என்று சொன்னார் கண்ணாடியம்மா. மூடி வைக்கிறது, மறைக்கிறது என்கிற சொல்லிலிருந்து வந்ததாம். எனக்குப் பிடிக்கவில்லை. கப்பலுக்கு வைக்கிற பேரா இது?

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் வாயாடி


மார்ச் 16

என் வாயாடிக்கு,

நலமாக இருக்கிறேன். நீ மிஷினிலிருந்து மணிக்கு ஒரு தடவையாவது எழுந்து நட.

சக்களத்திக்கு வயதாகிவிட்டது, பயப்படாதே. தொட்ட இடமெல்லாம் துரு உதிர்கிறது. உள்ளே கரண்ட் இல்லாததால் பகலிலேயே நடைபாதை இருட்டு. சுவரைத் தடவிக்கொண்டே அறைக்குப் போக வேண்டும். எந்தக் கதவு எத்தனையாவது என்று கைக்குப் பழகிவிட்டது. கரண்ட் இல்லாத கப்பலில் எலெக்ட்ரீஷியன் வேலை! சொன்னால் யாரும் சிரிப்பார்கள். நாங்களும் சிரித்துக்கொள்கிறோம். சமையல்காரர் நேற்று முழுக்க வெங்காயம் உரித்தபடி அந்தக் கலிப்ஸோ கதையைத் திருப்பித் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

எங்களுக்கு ஒரு சந்தேகம். அந்த மாலுமி ஏழு வருஷமும் பொழுதை எப்படிப் போக்கினான்? யாரிடம் பேசினான்? கடைசியில் எப்படி வெளியே வந்தான்? கண்ணாடியம்மாவிடம் கேட்டு எழுது. அடுத்த படகுக்குள் கிடைத்தால் நல்லது.

மச்சானைத் திட்டாதே. அவனுக்கும் ஒரு காலம் வரும்.

உன் கரண்ட்டு


ஏப்ரல் 3

என்னவருக்கு,

உடம்பு எப்படி என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் நலம் என்றுதான் எழுதுவீர்கள்.

நேற்று கடைக்கு ஒருவர் வந்தார். புது ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாராம், வெள்ளைக் கோட்டில் பேர் தைக்க வேண்டுமாம். தைத்துக் கொடுத்தேன். காசை நீட்டும்போது, "நீங்கதான் எலெக்ட்ரீஷியன் வீட்டம்மாவா? உங்களப் பார்க்கணும்னுதான் இந்தக் கடைக்கே வந்தேன்" என்றார். யார் நீங்கள் என்றேன். உங்கள் கப்பல் சமையல்காரர்!

மூன்று வாரத்துக்கு முன்னால் கப்பலில் வெங்காயம் உரித்தாரே, அதே சமையல்காரர். ஜனவரி கடைசியிலேயே ஊருக்கு வந்துவிட்டாராம். எல்லோருமே வந்துவிட்டார்களாம். "அவர் ஒருத்தர்தாம்மா அங்க இருக்கார். தனியா இருக்கார்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். தெரியும் என்று சொல்லிவிட்டேன். அவர் போனதும் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

முதல் கடிதத்திலிருந்தே 'நாங்கள்', 'நாங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். யார் அந்த நாங்கள்? நீங்களும் அந்த விளக்குமா?

மாலுமி பொழுதை எப்படிப் போக்கினான் என்று கேட்டீர்களே, பகலெல்லாம் கரையில் பாறைமேல் உட்கார்ந்து அழுதானாம். அவனாவது அழுதான். நீங்கள் ஜோக் எழுதுகிறீர்கள். அவன் எப்படி வெளியே வந்தான் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் எப்படி வரப்போகிறீர்கள், அதை முதலில் எழுதுங்கள். ஒன்றுவிடாமல்.

சின்னவனுக்கு, அதுதான் உங்கள் மச்சானுக்கு, இது எதுவும் தெரியாது.

வாயாடி


ஏப்ரல் 20

என் வாயாடிக்கு,

உடம்பு நலம்தான், அது பொய்யில்லை. மற்றதையும் எழுதிவிடுகிறேன்.

வழக்கில் மாட்டிய கப்பலில் எப்போதும் ஓர் ஆள் இருந்தாக வேண்டும். கப்பலுக்கு அவன்தான் பொறுப்பு. அவன் இறங்கினால் ஜெயில். கோர்ட்டுக்காரர் விளக்கைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக் கையைத் தூக்கினேன். முழுக் கப்பலையும் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். மற்றவர்களை ஒவ்வொருவராகப் படகில் ஏற்றி அனுப்பினார்கள். கடைசியாகப் போனது சமையல்காரர். ஏணியில் இறங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மேலே நின்று நான் கையசைத்துக்கொண்டே இருந்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதுவரை எழுதாததை எழுதிவிட்டேன். அலை அடித்தால் கப்பல் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்கிறது. கரை கண்ணுக்குத் தெரிகிறது. பஸ் போகிறது, ஆட்கள் நடக்கிறார்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரமில்லை. சில நாள் என் குரலை மறந்துவிடக் கூடாதே என்று விளக்கிடம் உன் கடிதங்களைச் சத்தமாகப் படிக்கிறேன்.

வெளியே வர இரண்டு வழி. கப்பல் ஏலம் போக வேண்டும். துருப்பிடித்த இதை யார் எடுப்பார்கள்? இல்லாவிட்டால் என் இடத்துக்கு வேறொருத்தன் வந்து ஏற வேண்டும். யார் வருவார்கள்? வருகிறேன் என்று எவனாவது சொன்னால் அவனுக்கு விஷயம் தெரியவில்லை என்று அர்த்தம். அதனால் அந்தப் பேச்சை விடு.

மச்சானிடம் சொல்லாதே. ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிடுவான். நீ தைரியமாக இரு. நீ தைரியமாக இருக்கிறாய் என்று நினைத்துத்தான் இங்கே காலையில் எழுந்திருக்கிறேன்.

உன் கரண்ட்டு


ஜூன் 10

என்னவருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். என் இடுப்பு வலிகூடக் குறைந்துவிட்டது. நீங்கள் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது, அலைச்சல்.

ஒரு நல்ல சேதி. சின்னவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. உங்கள் கப்பலில்தான். நீங்கள் லீவில் வருகிறீர்கள், உங்கள் இடத்துக்கு அவன். கப்பல் ஏஜென்ட் ஆபீசுக்கு நான்கு தடவை போய் நானே பேசி முடித்தேன். சாப்பாடு இலவசம், உட்கார்ந்த இடத்தில் வேலை. அவனுக்கு ஒரே குஷி. புது ஷூ வாங்கியிருக்கிறான். சட்டைப் பையில் நீல நூலால் அவன் பேரைத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதமும் அவன் வருகிற படகிலேயே வரும்.

படகு ரொம்ப நேரம் நிற்காதாம். அதனால் அவனிடம் எதையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். அவன் ஏறின கையோடு நீங்கள் இறங்கிவிடுங்கள். உங்கள் தலையணை உறையைத் துவைத்துப் போட்டிருக்கிறேன். அறைக்கு வெள்ளையடித்தாயிற்று.

அந்த விளக்கு ராத்திரி முழுக்க எரியும்தானே? அம்மா போன நாளிலிருந்து அவனுக்கு இருட்டு ஆகாது. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

சீக்கிரம் வாருங்கள்.

உங்கள் வாயாடி


ஜூன் 27

என் வாயாடிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் இன்னும் கப்பலில்தான் இருக்கிறேன்.

படகு வந்தது. உள்ளே என் மச்சான் நின்றுகொண்டிருந்தான். இளைத்திருக்கிறான். நான் எப்போதும்போலக் கூடையை இறக்கினேன், தண்ணீர்க் கேனோடு உன் கடிதமும் மேலே வந்தது. நின்ற இடத்திலேயே படித்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். "நீங்கள் லீவில் வருகிறீர்கள்" என்ற வரியைப் படித்ததும் கயிற்றேணியை இறக்கிவிட்டு ஓடிப்போய் என் பையை எடுத்து வந்தேன். அவன் ஏணியைப் பிடித்து ஏறவும் ஆரம்பித்துவிட்டான். நான் ஒரு காலைக் கம்பிக்கு அந்தப் பக்கம் போட்டுக்கொண்டுதான் மிச்சத்தைப் படித்தேன்.

பிறகு காலை இந்தப் பக்கம் எடுத்தேன். "கீழ இறங்குடா" என்றேன்.

"என்ன அத்தான், விளையாடுறீங்களா?"

"இங்க உனக்கு வேலை கிடையாது. இறங்கு."

"ஏஜென்ட் எழுதிக் குடுத்திருக்காரு அத்தான். அக்கா சொன்னா..."

"இது என் வேலை. எவனுக்கும் விட்டுக் குடுக்க மாட்டேன். போடா!"

அவன் படகில் இறங்கினதும் கயிற்றேணியை மேலே இழுத்துவிட்டேன். அவன் கத்தின கத்தலை நீ கேட்டிருக்க வேண்டும். "நான் நாலு காசு சம்பாதிச்சா உங்களுக்குப் பொறுக்காதே! அக்கா உங்களுக்காக உயிர விடுறா, நீங்க இங்க ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கீங்க!" கடைசியில் ஷூவைக் கழற்றி என்மேல் எறிந்தான். ஒன்று கடலில் விழுந்தது. ஒன்று மேலே வந்து விழுந்தது. வலது கால் ஷூ. அதைத் துடைத்து வைத்திருக்கிறேன். படகு கண்ணுக்கு மறைகிறவரை நின்றேன். பிறகு அந்த மாலுமி மாதிரி நானும் உட்கார்ந்துவிட்டேன். போதுமா?

அவன் என்னைப் பொறாமைக்காரன் என்றே நினைக்கட்டும். நீ எதையும் திருத்தாதே.

விளக்கு ராத்திரி முழுக்க எரிகிறது. ஆனால் வெளியேதான், கொடிமரத்தில். உள்ளே இல்லை.

ஒன்று மட்டும் கண்ணாடியம்மாவிடம் கேட்டுச் சொல். அந்தத் தீவை விட்டு மாலுமி போகும்போது, தன் இடத்தில் இன்னொருத்தனை விட்டுவிட்டா போனான்?

உன் கரண்ட்டு


ஆகஸ்ட் 14

என் வாயாடிக்கு,

நலமா? படகு மூன்று தடவை வந்துவிட்டது. கூடையில் தண்ணீர் மட்டும்தான் வருகிறது. படகுக்காரரும் என் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைக் கட்டிவிட்டுப் போகிறார்.

போன கடிதத்தின் கடைசி வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. எழுதி அனுப்பிய பிறகுதான் உறைத்தது. படகு போய்விட்டது, திரும்பக் கூப்பிட முடியவில்லை.

உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. திட்டியாவது எழுது. இவ்வளவு தூரத்தில் நீயும் பேசாவிட்டால் நான் யாரோடு பேசுவேன்?

உன் கரண்ட்டு


ஆகஸ்ட் 31

என்னவருக்கு,

நலமாக இல்லை. இந்தத் தடவை அப்படியே எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: இல்லை. தேவர்களின் தூதன் ஒருவன் வந்து, அவனை அனுப்பிவிடு என்று அவளிடம் சொல்கிறான். அவளே கோடரி எடுத்துக் கொடுக்கிறாள், அவனே மரம் வெட்டித் தெப்பம் கட்டிக்கொண்டு போகிறான். இன்னொருத்தன் அந்தக் கதையிலேயே கிடையாது. கண்ணாடியம்மாவிடம் கேட்கவில்லை, அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. புத்தகத்தை வாங்கி வந்து நானே படித்தேன்.

நீ உன் புருஷனைத் தேர்ந்தெடு, தம்பியை விடு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. "குடும்பத்துலேர்ந்து யாராவது வந்தா மாத்திக்கலாம்மா" என்று ஏஜென்ட் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் சின்னவன் பேரைச் சொல்லிவிட்டேன். யோசிக்கவேயில்லை. தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் சட்டையில் பேரைத் தைக்கும்போது ஒரு தையல்கூடக் கோணவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மறைப்பவள் என்கிற அந்தப் பேர் கப்பலுக்கு இல்லை, எனக்குத்தான் பொருத்தம்.

திருத்தாதே என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பேச்சை நான் எப்போது கேட்டேன்? தினமும் அவன் சாப்பிட உட்காரும்போதெல்லாம் உங்களைத் திட்டுவான். நான் வாயை மூடிக்கொண்டு பரிமாறுவேன். போன வாரம் "அந்த மனுஷனோட எப்படிக்கா குடும்பம் நடத்துற?" என்று கேட்டான். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். நான் தெரிந்தே அனுப்பினேன் என்பதையும்.

தட்டை நகர்த்திவிட்டு எழுந்தான். சட்டையைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டான். அச்சகத்தில் படுத்துக்கொள்கிறானாம். பழைய வேலையையே கேட்டு வாங்கியிருக்கிறான். கடைக்கு எதிர்ப்பக்கமாக நடந்து போகிறான்.

உங்களையும் வெளியே கொண்டுவர முடியவில்லை, அவனையும் இழந்துவிட்டேன். கடையில் வேலை நடக்கிறது. யார் யார் பேரையோ தைத்துக்கொண்டிருக்கிறேன்.

சாப்பிடுங்கள். கடிதங்களை விளக்குக்குப் படித்துக் காட்டுங்கள். இதை மட்டும் படிக்காதீர்கள்.

வாயாடி


செப்டம்பர் 25

அத்தானுக்கு,

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்பது தெரியும். நன்றாக இருக்கிறீர்களா? நன்றாக இருக்க முடியாது என்று இப்போது தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்.

அக்கா சொன்னாள். அவளோடு நான் இன்னும் சரியாகப் பேசவில்லை. இதை அவளுக்காக எழுதவும் இல்லை. உங்களை நடுக்கடலில் வைத்து நான் கத்தினது காதிலேயே நிற்கிறது. கரையில் இறங்கும்போது படகுக்காரர், "அந்தாளு பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு நின்னாரு, பார்த்தியா?" என்று கேட்டார். அப்போது எனக்குப் புரியவில்லை.

போன வாரம் நானே ஏஜென்ட்டைப் பார்த்தேன். "யார் இருந்தா எங்களுக்கென்ன தம்பி, கப்பல்ல ஒரு ஆள் இருக்கணும், அவ்வளவுதான்" என்றார். மாற்றி மாற்றி இருக்கலாமா என்று கேட்டேன். அவருக்கே அது தோன்றியதில்லையாம். கோர்ட்டில் கேட்டுச் சொன்னார், ஆட்சேபணை இல்லையாம். மூன்று மாதம் நான், மூன்று மாதம் நீங்கள். ஏலம் போகிறவரைக்கும். அச்சக முதலாளியிடமும் பேசிவிட்டேன், கத்தினார், சரி என்றார்.

இருட்டைப் பற்றி அக்கா எழுதியிருப்பாள். அது உண்மைதான். நான்கு டார்ச் வாங்கியிருக்கிறேன். எந்தக் கதவு எத்தனையாவது என்று நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் படகை நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கலிப்ஸோ கதையை நானும் நூலகத்தில் கேட்டேன். கண்ணாடியம்மா முழுதாகச் சொன்னார். எனக்கு ஒன்றுதான் தோன்றியது. அந்த மாலுமிக்கு ஒரு மச்சான் இருந்திருந்தால் ஏழு வருஷம் ஆகியிருக்காது.

கிளம்புகிறேன் என்று அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குச் சட்டையை வாங்கப் போகும்போது சொல்வேன்.

அக்டோபர் இரண்டாவது வாரப் படகில் வருகிறேன். என் வலது கால் ஷூ உங்களிடம் இருக்கிறது, பத்திரமாக வையுங்கள். இந்தத் தடவை எல்லாம் தெரிந்துதான் வருகிறேன். ஏணியை மேலே இழுத்துவிடாதீர்கள்.

உங்கள் மச்சான்